விறகு காயக் காய எடை குறையும்

விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் ஏப்ரல் 15-ஐ யாரும் மறக்க மாட்டார்கள். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அரசு நிவாரணம் வரும்தான், ஆனால் பள்ளிக்கூடம் திறக்கிற மாதமும் ஜூன்தானே. எங்கள் வீட்டுக்காரர் மண்டபத்தில் படகு ஏறுகிறவர். 2022 தடைக்காலத்தில் அவரும் கூடப் படகு ஏறுகிற இரண்டு பேரும் சும்மா இருக்க முடியாமல் ஒரு சீமைக்கருவேலங் காட்டை விறகுக்கு வெட்ட எடுத்தார்கள். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் மணல் காலியாகக் கிடந்தது. அதில் விறகை அடுக்கி விற்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எப்படிச் செய்தோம், எங்கே அடிபட்டோம் என்பதையெல்லாம் எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிற யாருக்காவது உதவும்.

"கேஸ் வந்த பிறகு விறகு யாரும்மா வாங்குவா?" என்று எங்கள் அத்தையே கேட்டார்கள். வீட்டு அடுப்புக்கு வாங்குகிறவர்கள் குறைவு, அது உண்மை. ஆனால் டீக்கடை, புரோட்டாக் கடை, கோயில் அன்னதானம், கல்யாணச் சமையல் எல்லாம் இருக்கிறதே. கடைகளுக்குத் தருகிற 19 கிலோ சிலிண்டர் விலையைப் பார்த்துவிட்டு விறகுக்குத் திரும்பிய கடைகளே எங்கள் ரோட்டில் நாலைந்து உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கல்யாணப் பிரியாணி இன்றைக்கும் விறகில்தான் வேகிறது.

மரத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. திருப்புல்லாணி தாண்டிவிட்டால் கண்ணுக்கு எட்டின மட்டும் சீமைக்கருவேலம். வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைத்து, மூன்று நாலு வருடத்தில் விறகுக்கு ஆகிவிடும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்ன நேரத்தில், வெட்டிக்கொண்டு போனால் போதும் என்று கூப்பிட்டவர்களும் இருந்தார்களாம். இப்போது அப்படி இல்லை, கரி மூட்டம் போடுகிறவர்களும் மில்களும் போட்டி போட்டு வாங்குகிறார்கள். காட்டை எடுக்கும் முன்னால் பட்டாவும், கிராம நிலக் கணக்கான அடங்கலும் பார்த்துவிடுங்கள். எங்கள் முதல் காட்டில் பாதி, கண்மாய்ப் புறம்போக்கில் இருந்தது. நல்லவேளையாக கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொண்டதால் தப்பித்தோம். கண்மாய் மரம் என்றால் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும்.

வெட்டுகிற வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, முள் ஒன்றைத் தவிர. கருவை முள் ரப்பர் செருப்பைத் துளைத்து மேலே வரும். உள்ளே ஒடிந்துவிட்டால் சீழ் பிடிக்காமல் விடாது. எல்லாரும் முதலிலேயே ரணஜன்னி வராமலிருக்க டி.டி. ஊசி போட்டுக்கொண்டார்கள்.

இனி நாங்கள் பட்ட அடியைச் சொல்கிறேன். முதல் லோடு ஒரு டன். மரம், வெட்டுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து 4,000 ரூபாய். கிலோ நாலு ரூபாய்க்கு வாங்கி ஆறு ரூபாய்க்கு விற்றால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் மிச்சம் என்று நோட்டில் எழுதி வைத்தேன். இரண்டு வாரம் வெயிலில் போட்டு, மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்ததும் கொடுக்க ஆரம்பித்தேன். ஒரு கல்யாணத்துக்கு 200 கிலோ போனது. மறுநாள் காலையிலேயே அங்கே சமைத்த பண்டாரி (பிரியாணிச் சமையல்காரர்) அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. மிச்சம் கிடந்ததில் ஒரு கட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். எங்கள் அடுப்பிலேயே அதன் ஒரு முனையை வைத்து எரியவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த மறு முனையைப் பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்த வெட்டு முகத்தில் நுரை தள்ளியது. உஸ்ஸென்று சத்தம், அப்புறம் பழுப்பாகத் தண்ணீர் சொட்டியது.

"பாத்தியா தங்கச்சி, இந்தத் தண்ணியெல்லாம் ஆவியாப் போனப்புறம்தான் அடுப்புல சூடு ஏறும். அதுவரைக்கும் புகைதான். நேத்து ஒரு சட்டி முழுக்கப் புகை வாடை. பொண்ணு வீட்டுக்காரவுக என்னையத்தான் கேட்டாக."

எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார். போகும் முன்னால் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிக் காட்டினார். பச்சைக் கட்டை தொப்பென்று சத்தம் போடும். காய்ந்தது டங்கென்று கேட்கும். காய்ந்ததன் வெட்டு முகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை நகத்தால் நெம்பினாலே கழன்று வரும். அன்றைக்கு அவர் சொல்லித் தந்ததுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பாடம்.

மீதி விறகை விற்காமல் காயவிட்டேன். நூறு கிலோவைத் தனியாக அடுக்கி, சுண்ணாம்பில் அடையாளம் போட்டு, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நிறுத்தேன். 100, 88, 81, 77, 75, கடைசியில் 74-இல் நின்றுவிட்டது. அதற்குமேல் இறங்கவில்லை. அப்போதுதான் என் கணக்கு எவ்வளவு தப்பு என்று புரிந்தது. 4,000 ரூபாய் ஒரு டன்னுக்கு இல்லை, 740 கிலோவுக்கு. கிலோ 5 ரூபாய் 40 காசு ஆகிறது. பிளக்கிற கூலி 600 சேர்த்தால் 6 ரூபாய் 20 காசைத் தாண்டிவிடும். ஆறு ரூபாய்க்குக் கொடுத்தால் நம் கைக்காசைப் போட்டு விற்கிற மாதிரி.

எடைக்கு விற்கிறவர்கள் பச்சையாகக் கொடுப்பதற்குக் காரணமே இதுதான். காயவைத்தால் நம் சரக்கு குறைகிறது. இரவில் தண்ணீர் தெளித்து வைக்கிற ஆட்களும் உண்டு. வாங்குகிறவர் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார், அப்புறம் அந்தத் தண்ணீரை எரித்து விரட்டவும் விறகு செலவழிக்கிறார். இதை ஒவ்வொரு கடையிலும் போய்ச் சொன்னேன். காய்ந்தது கிலோ ஒன்பது ரூபாய், கடையில் இறக்கித் தருவேன், தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்றேன். முதல் மாதம் இரண்டே கடைகள்தான் ஒத்துக்கொண்டன. ஒரு டீக்கடை அண்ணாச்சி, ஒரு வாரம் பச்சையும் ஒரு வாரம் காய்ந்ததும் எரித்துப் பார்த்துவிட்டுத் தானே கூப்பிட்டார்.

காயவைக்கிற முறையையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். காய்ந்த கருவைக் கட்டையில் கோடாலி எகிறும். டீக்கடைக்கு ஒன்றரை அடி, பிரியாணி அடுப்புக்கு மூன்றடி. தரையில் நேராக அடுக்கக் கூடாது, இந்த மணலில் ஈரமும் கறையானும் கீழேயிருந்து ஏறும். நாங்கள் பழைய பனந்தடிகளைக் கிடத்தி அதன்மேல் அடுக்குகிறோம். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்டுதான் நமக்குக் காலம். காற்று அடுக்குக்குள் புகுந்து வெளியே போகிற மாதிரி இடைவெளி விட்டு வைத்தால் வெயிலைவிடக் காற்றே அதிகம் காயவைக்கும். தடைக்காலத்தில் வெட்டி, கச்சானில் காயவைத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் மூடிவிட வேண்டும். கடல் தொழிலுக்கும் விறகுக்கும் காலம் இப்படிப் பொருந்தி வந்தது எங்களுக்குப் பெரிய உதவி.

மூடுவதிலும் ஒரு தப்பு செய்தேன். முதல் வருட மழைக்குப் பயந்து தார்ப்பாயால் நாலு பக்கமும் சுற்றிக் கட்டிவிட்டேன். கார்த்திகையில் பிரித்தால் உள்ளே புழுங்கிப்போய் வெள்ளையாகப் பூசணம். இப்போது மேலே மட்டும் தென்னங்கிடுகு, பக்கங்கள் திறந்தே இருக்கும். சாரல் ஓரக் கட்டைகளை நனைக்கும், மழை விட்ட இரண்டு நாளில் அதுவும் காய்ந்துவிடும். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம். வண்டு துளைத்து மாவு கொட்ட ஆரம்பித்துவிடும்.

கொஞ்சமாவது நிம்மதியான வருமானம் வந்தது பற்றவைக்கிற சுள்ளிக் கட்டில்தான். எங்கள் பக்கம் தென்னந்தோப்பும் பனையும் நிறைய. காய்ந்து விழுந்த தென்னம்பாளையை நீளவாக்கில் நாலாகக் கிழித்து, நடுவில் ஒரு கை பன்னாடை, சுற்றிலும் உடைமரச் சுள்ளி, பனை நாரால் ஒரு கட்டு. பன்னாடையில் ஒரு தீக்குச்சி போதும், மண்ணெண்ணெய் வேண்டாம், பிளாஸ்டிக் பை வேண்டாம். கட்டு இருபது ரூபாய். எண்ணி விற்பதால் எடைத் தகராறு கிடையாது, எவ்வளவு காய்ந்தாலும் நமக்கு நட்டமில்லை. எங்கள் தெருவில் மூன்று பெண்கள் சாயங்காலத்தில் கட்டித் தருகிறார்கள். பனையில் விழுந்த மட்டையை மட்டும்தான் எடுக்கிறோம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. அப்படி ஒன்று இல்லாவிட்டாலும் பனையை வெட்ட எனக்கு மனசு வராது.

ஒரு நாள் ஒரு ஆட்டோவில் பாதி விலைக்கு விறகு வந்தது. பட்டையைப் பார்த்ததுமே என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். கடலோரச் சேற்றில் வளர்கிற அலையாத்தி மரம். அதை வெட்டுவது குற்றம் என்பது ஒரு பக்கம். அந்த வேருக்குள்தான் இறாலும் மீன் குஞ்சும் வளர்கின்றன. அதை எரித்துவிட்டு ஜூன் 15-இல் எந்த மீனைப் பிடிக்கப் போவது?

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். எனக்குப் பதிந்து கொடுத்த கம்ப்யூட்டர் சென்டரில் 500 ரூபாய் வாங்கிவிட்டார்கள், நீங்கள் ஏமாறாதீர்கள். விறகுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போட வேண்டும். மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரைக்கும் சிசு கடன் உண்டு என்று ஒரு வங்கிக்கு ஏழு தடவை நடந்தேன். "விறகெல்லாம் ஒரு தொழிலாம்மா?" என்று கேட்டார்கள். கடைசியில் எங்கள் மகளிர் குழுவில்தான் கடன் கிடைத்தது. அதை அடைத்தும்விட்டேன்.

மழைக்காலத்துக்கு 400 கிலோவை நடுவில் ஒரு அடுக்காகத் தனியே வைத்திருப்பேன். அதைக் கடைக்குக் கொடுப்பதில்லை. இரண்டாம் வருடம் கார்த்திகையில், மூன்று நாள் அடைமழையில், இரவு பத்து மணிக்கு நனைந்துகொண்டு இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் தவறிவிட்டார், காய்ந்த விறகு எங்கேயும் கிடைக்கவில்லை, காலையில் எடுக்க வேண்டும் என்றார்கள். அன்றைக்கு என்னிடம் இருந்தது 150 கிலோ. மீதிக்கு அவர்கள் எங்கெங்கோ அலைந்தார்கள். அது இன்னும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதனால்தான் இந்த அடுக்கு.

இந்த வருடம் வெட்டினது மேற்கு ஓரத்தில் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்பு அடையாளம் போட்ட நூறு கிலோ நேற்று நிறுத்தபோது 81. பண்டாரி அண்ணன் ஆகஸ்ட் கடைசியில் ஒரு கல்யாணத்துக்கு 300 கிலோ கேட்டிருக்கிறார். 75-க்கு வரட்டும் அண்ணே, வந்ததும் நானே போன் பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.