கேட்ச்: வலை வீசுவதும் மீன் படுவதும்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து ஆங்கிலத் தாள் எழுதுகிறவர்களுக்கு ‘கேட்ச்’ தெரியாத சொல்லல்ல. ‘பிடி’ என்று ஒரே பொருளில் படித்து வைப்பதால்தான் மதிப்பெண் போகிறது.

“மீன் பிடிக்கப் போனாங்க, ஒண்ணும் படலை” என்று பாம்பனில் சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. நமக்குப் பிடிப்பது தொழில், படுவது பலன். ஆங்கிலத்தில் தொழிலுக்கு ‘ஃபிஷ்’ என்று தனி வினை இருக்கிறது. கேட்ச் பலனைச் சொல்வது. ஆகவே “தே ஃபிஷ்ட் ஆல் நைட் பட் காட் நத்திங்” (‘காட்’ என்பது கேட்சின் இறந்தகாலம்). இதை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள். ‘மீன் பிடிக்கப் போனார்’ என்பது “ஹி வென்ட் ஃபிஷிங்”. நடுவில் ‘ஃபார்’ போட்டால் பிழை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது முடிந்து மறுபடி தொடங்குவதும் ‘ஃபிஷிங்’தான். கரைக்கு வந்த மீன்பாடுதான் ‘த கேட்ச்’: “த கேட்ச் வாஸ் குட் டுடே”.

பஸ்ஸுக்கும் இதே கணக்கு. “ஐ காட் த பஸ்” என்றால் ஏறியாகிவிட்டது. கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பது ‘ஹோல்ட்’. “பத்து நிமிடம் கயிற்றைப் பிடித்திருந்தான்” என்பதற்குக் கேட்ச் எழுதினால் தவறு.

இந்தச் சொல்லின் மூலம் லத்தீன் ‘கபேரே’, அதாவது எடு, பற்று. அதிலிருந்து கிளைத்த சொல் வட பிரான்சில் ‘க’ ஒலியோடு நின்றது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அந்த வடிவம் ஆங்கிலத்துக்குள் வந்து கேட்ச் ஆனது. பிரான்சின் மற்றப் பகுதியில் ‘ச’ ஒலியோடு வழங்கிய வடிவம் ‘சேஸ்’ ஆனது. தொடக்கத்தில் கேட்சுக்கும் துரத்துதல் என்ற பொருள் இருந்தது. பிறகு துரத்துவதைச் சேஸ் எடுத்துக்கொள்ள, அகப்படுவது கேட்சிடம் தங்கிவிட்டது.

பிரெஞ்சு வழி வந்த வினைகள் பெரும்பாலும் ‘எட்’ சேர்த்து இறந்தகாலம் காட்டும். கேட்ச் மட்டும் ‘காட்’ ஆனதற்கு, அதே பொருளில் ஆங்கிலத்தில் முன்பே இருந்த ‘லாட்ச்’ என்ற வினையின் இறந்தகால வடிவம் முன்மாதிரி. (அந்தச் சொல்லைத்தான் இன்று கதவின் தாழ்ப்பாளில் பார்க்கிறோம்.) ‘கேட்ச்ட்’ என்று விடைத்தாளில் எழுதினால் பிழை. ‘டீச், டாட்’ ஜோடியோடு சேர்த்துப் படித்தால் எழுத்துக்கூட்டலும் நிற்கும்: சி, ஏ, யு, ஜி, ஹெச், டி. மூன்றாம் வடிவமும் இதுவே.

மொழிபெயர்ப்பில் எழுவாயைக் கவனியுங்கள். தமிழில் சளி நம்மைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் நாம் சளியைப் பிடிக்கிறோம், “ஐ காட் எ கோல்ட்”. தொற்றும் நோய்க்கே இது பொருந்தும். சர்க்கரை நோய்க்கு எழுதக் கூடாது. மழையில் மாட்டிக்கொண்டால் செயப்பாட்டு வினை: “வி வேர் காட் இன் த ரெயின்”. ‘படகு தீப்பிடித்தது’ மட்டும் இரண்டு மொழியிலும் ஒரே அமைப்பு, “த போட் காட் ஃபயர்”.

படம் பிடிப்பதும் நேரம் பிடிப்பதும் ‘டேக்’. சம்பளத்தில் பிடிப்பது ‘டிடக்ட்’. ‘பிடி’ வரும் தமிழ்த் தொடர்களை ஒரு பக்கத்தில் எழுதி, எதிரில் ஆங்கில வினையைக் குறித்துப் பாருங்கள். கேட்ச் வராத இடங்கள்தான் அதிகம் இருக்கும்.