படித்துறையில் ஒரு சப்பரம்: மூன்றாவது முயற்சி

எட்வர்ட் கோரியின் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் பேனாவில் வரையும் ஆசையே வந்தது. அமெரிக்கர், 1925இல் சிகாகோவில் பிறந்து 2000இல் மறைந்தவர். பழைய மாளிகை, பூப்போட்ட சுவர், நீளக் கோட்டு மனிதர்கள் என்று முதல் பார்வைக்குத் தாத்தா காலத்து ஆல்பம் போலிருக்கும். 1963இல் வந்த அவருடைய அரிச்சுவடியில் 26 எழுத்துக்கு 26 குழந்தைகள், அத்தனை பேரும் சாகிறார்கள். அதில் ஒரு பையன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறான், அவ்வளவுதான் படம். அவன் சலிப்பிலேயே செத்துப்போனான் என்று கீழே ஒரு வரி. ரத்தமும் இல்லை, பேயும் இல்லை.

அவர் மாதிரி வரைய நான் எடுத்துக்கொண்டது ஆடிப்பெருக்கு. கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்துவிட்டால் ஆடி 18க்குள் ஆறு நிறைந்து ஓடும். தகரச் சக்கரம் வைத்த சப்பரத்தைக் கயிறு கட்டிப் படித்துறை வரை இழுத்துப் போவோம். பெண்கள் காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்துக் கும்பிடுவார்கள். “மூணாம் படிக்குக் கீழ இறங்கக் கூடாது, சுழல் இருக்கு” என்று ஆத்தா நூறு முறை சொல்வாள்.

முதல் முயற்சியில் தண்ணீருக்குள் ஒரு கை வரைந்தேன். சினிமா போஸ்டர் மாதிரி ஆகிவிட்டது, கிழித்தேன். இரண்டாவது நன்றாக வந்துகொண்டிருந்தபோது ஐப்பசி அடைமழை. தாள் ஈரம் குடித்து, இட்ட கோடெல்லாம் மயிரிழை போலக் கசிந்தது. அப்புறம்தான் கார்ட்ரிட்ஜ் தாளை, அதாவது படம் வரையும் கெட்டித் தாளை, தகரப் பெட்டியில் போட்டு மூடி வைக்கும் பழக்கம் வந்தது.

மூன்றாவதில் கை போய்விட்டது, பிள்ளையும் போய்விட்டது. படியில் சப்பரம் மட்டும் நிற்கிறது. வண்ணக் காகிதம், உச்சியில் சின்னக் கொடி, எல்லாம் அழகாகவே போட்டிருக்கிறேன். அதன் கயிறு மூன்றாம் படி தாண்டித் தண்ணீருக்குள் போகிறது.

வேலை முழுக்கக் கோட்டில்தான். ஒரே சாய்வில் மெல்லிய கோடுகளை நெருக்கமாக இழுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த அடுக்கைக் குறுக்கே போடலாம். அவசரப்பட்டால் மை இழுபட்டுவிடும். பேனாவை அழுத்தவே கூடாது. இருட்டு வேண்டுமென்றால் கோட்டைத் தடிப்பாக்காமல் இன்னொரு அடுக்கு போட வேண்டும். ஆற்றுக்குப் படுக்கைக் கோடுகள் போதும். சுழல் இருக்கும் இடத்தில் அவற்றைச் சற்று நெருக்கி வளைத்தேன், அவ்வளவே. உள்ளங்கை அகல இடத்துக்கு நான்கு ராத்திரி ஆனது. இதைத்தான் கோரி வாழ்நாளெல்லாம் செய்தார் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

நேற்று அத்தை வந்திருந்தார். சப்பரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “நம்ம படித்துறைடா!” என்றார். கொடியைத் தொட்டுப் பார்த்தார். கயிற்றோடு அவர் கண் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“இழுத்துட்டு வந்த புள்ள எங்கடா?” என்றார்.

மூன்றாம் படியின் ஓரத்துக்கு மட்டும் இன்னும் ஓர் அடுக்கு பாக்கி இருக்கிறது. மழை விட்டதும் போட வேண்டும்.