ஒரு சாய்வுக்கோட்டில் நின்றுபோன 90 ஆயிரம் ரூபாய்

கரூரில் கிச்சன் டவலும் ஏப்ரனும் செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது. பல வருஷம் பெரிய எக்ஸ்போர்ட்டர்களுக்குச் சப்ளை மட்டும்தான். 2022 மே 1ல் இந்தியா – அமீரக வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்து, நம் ஜவுளிக்கு அங்கே இருந்த 5 சதவீத இறக்குமதி வரி போனதும், வெகுநாளாக விலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த துபாய் பையர் ஆர்டர் கொடுத்துவிட்டார். சொந்தப் பெயரில் அனுப்புவது அதுதான் முதல் தடவை.

ஏற்றுமதிக்கு அவசியமான பதிவு எண்ணான ஐஇசி எடுப்பது சுலபம், பான், வங்கிக் கணக்கு, 500 ரூபாய், அவ்வளவுதான். (விவரம் எதுவும் மாறாவிட்டாலும் வருஷா வருஷம் ஏப்ரல் – ஜூனுக்குள் டிஜிஎஃப்டி என்கிற வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின் தளத்தில் ஒருமுறை உறுதி செய்துவிடுங்கள், இல்லையென்றால் எண் முடங்கிவிடும்.) வெளிநாட்டுப் பணம் வாங்கும் நம் வங்கியின் குறியீடான ஏடி கோடைத் தூத்துக்குடி கஸ்டம்ஸில் பதிவது, ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் தரும் ஆர்சிஎம்சி என்கிற பதிவுச் சான்று, வரிச்சலுகைக்காகச் சரக்கு இந்தியாவில் செய்தது என்று காட்டும் ஒரிஜின் சர்டிஃபிகேட் எல்லாம் சிஎச்ஏ எனப்படும் கஸ்டம்ஸ் ஏஜென்ட் துணையோடு முடிந்தன. ஆகஸ்டில் கன்டெய்னர் கிளம்பியது, பையர் பணமும் போட்டுவிட்டார்.

சிக்கல் அப்புறம்தான். எல்யூடி என்கிற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து ஜிஎஸ்டி கட்டாமலே அனுப்பலாம், ஆனால் எங்களிடம் உள்ளீட்டு வரி (பொருள் வாங்கும்போது நாங்கள் கட்டிய ஜிஎஸ்டி) தேங்கிக் கிடந்ததால், ஏற்றுமதிக்குப் பொருந்தும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டியை 5 சதவீதம் கட்டி ரீஃபண்ட் வாங்கலாம் என்று முடிவு செய்தோம், சுமார் 90 ஆயிரம். இதற்குத் தனி விண்ணப்பம் கிடையாது, சரக்கு அனுப்பும்போது கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லையே விண்ணப்பமாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டு மாதம் ஆகியும் பணம் வரவில்லை. கஸ்டம்ஸின் இணையதளமான ஐஸ்கேட்டில் பார்த்தால் எஸ்பி005 என்று ஒரு குறியீடு மட்டும் நிற்கிறது. ஆடிட்டரிடம் கேட்டால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் சரியாக இருக்கிறது என்றார், சிஎச்ஏவிடம் கேட்டால் ஷிப்பிங் பில் சரியாக இருக்கிறது என்றார். இருவர் சொன்னதும் உண்மை.

அந்தச் சமயத்தில்தான் கலெக்டர் ஆபீஸில் மாவட்ட ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுக் கூட்டம் என்று மாவட்டத் தொழில் மையத்திலிருந்து தகவல் வந்தது. கலெக்டர் தலைமை, டிஜிஎஃப்டி அதிகாரி, முன்னோடி வங்கி மேலாளர், தொழில் மையப் பொது மேலாளர் எல்லோரும் ஒரே மேஜையில். நான் ரிட்டர்ன், ஷிப்பிங் பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அருகில் இருந்த மூத்த எக்ஸ்போர்ட்டர் ஒருவர் அரை நிமிஷத்தில் விரலை வைத்தார்: விற்பனை விவரம் கொடுக்கும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1ல் நாங்கள் போட்ட இன்வாய்ஸ் எண் 07/22-23, ஷிப்பிங் பில்லில் 07-22-23. ஒரு சாய்வுக்கோடு. ஜிஎஸ்டி, கஸ்டம்ஸ் இரண்டு கம்ப்யூட்டருக்கும் அது வேறு வேறு இன்வாய்ஸ்.

இரண்டு எண்ணும் ஒரே இன்வாய்ஸ்தான் என்று காட்டும் ஒப்பீட்டு அட்டவணை ஒன்றை, கன்கார்டன்ஸ் டேபிள் என்பார்கள், 1000 ரூபாய் கட்டணத்தோடு கஸ்டம்ஸில் கொடுத்தால் அதிகாரியே சரிபார்த்து விடுவிப்பார் என்று அவரே வழியும் சொன்னார். கொடுத்தோம், இரண்டு வாரத்தில் பணம் கணக்கில் ஏறியது.

ஒவ்வொரு துறையும் தன் வேலையைச் செய்திருந்தது, ஆனால் ஒருவர் திரையில் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாத இடத்தில்தான் முதல் தடவை அனுப்புகிறவர் மாட்டிக்கொள்கிறார். இரண்டு மாதம் 90 ஆயிரம் நின்றால் எங்களைப் போன்றவர்களுக்கு நூல்காரருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. அதனால் அடுத்த கூட்டத்துக்குக் கஸ்டம்ஸிலிருந்தும் ஜிஎஸ்டியிலிருந்தும் ஒருவரை அழைக்க வேண்டும் என்று தொழில் மையத்தில் எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறேன். உங்கள் மாவட்டத்திலும் கேளுங்கள்.