குமிழா, தொடுதிரையா?

மாடல் ரயிலுக்கு வயர்லெஸ் கன்ட்ரோலர் தேடுற தம்பிகளுக்கு: முதல்ல உங்க கமாண்ட் ஸ்டேஷன் (தண்டவாளம் வழியா வண்டிக்கு கட்டளை அனுப்புற பெட்டி) எதுன்னு பாருங்க. ரோக்கோவோட வெள்ளை இசட்21 ஸ்டார்ட்னா, அன்லாக் கோடு தனியா வாங்கினாத்தான் வைஃபை வேலை செய்யும். பெட்டி விலையை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டுடாதீங்க.

வண்டி ஓட்டுறதுக்கு, தொடுதிரையை விட கையால திருகுற குமிழுக்குத்தான் என் ஓட்டு. ஷண்டிங் (வேகன்களை தடம் மாத்தி சேர்க்கிறது, பிரிக்கிறது) பண்றப்போ கண்ணு வேகன் மேல இருக்கணும். தொடுதிரைன்னா பார்வை போனுக்குப் போயிடும், அதுக்குள்ள வண்டி தண்டவாள முனையில இருக்கிற பஃபர் தடுப்புல முட்டியிருக்கும். ரோக்கோவோட வைஃபை மல்டிமவுஸ்ங்கிற கைக் கன்ட்ரோலர்ல குமிழோட நடுவுல பூஜ்யம். வலப்பக்கம் திருப்பினா முன்னே, இடப்பக்கம் பின்னே. பார்க்கவே வேண்டாம், விரலுக்கே தெரியும்.

அவ்வளவு செலவு வேண்டாம்னா, டிசிசி-இஎக்ஸ்ங்கிற ஓப்பன் சோர்ஸ் கமாண்ட் ஸ்டேஷன் வச்சிருக்கவங்களுக்கு ஆண்ட்ராய்டு எஞ்சின் டிரைவர் ஆப் இலவசம். அதுல போனோட வால்யூம் பட்டனாலயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம்!