சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் முந்தி

மார்ச் 3, செவ்வாய்
பதிவேட்டில் என் கையெழுத்துதான். அந்த அம்மா வந்த நேரம் 9.12. ஈசிஜி 9.59. 47 நிமிஷம். "வயிற்றெரிச்சல், ஒருதரம் வாந்தி" என்று எழுதி நாற்காலியில் உட்கார வைத்தவளும் நான்தான்.

மார்ச் 4
தூக்கம் வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி
கூட்டம். யார் மேல் தப்பு என்று ஆளாளுக்குச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய டாக்டர் மட்டும், "மிஷின் எங்கேம்மா இருந்துச்சு?" என்று கேட்டார். மாடி வார்டுக்குப் போயிருந்தது. ஆள் அனுப்பி இறக்கிக் கொண்டுவர 20 நிமிஷம். நெஞ்சுவலி என்று வந்தால் 10 நிமிஷத்துக்குள் ஈசிஜி எடுத்து டாக்டர் கண்ணில் காட்டியிருக்க வேண்டும் என்ற அட்டை அதே சுவரில்தான் தொங்குகிறது.
20 மிஷினுடையது. மீதி 27 என்னுடையது.

மார்ச் 9, திங்கள்
இனி மிஷின் கேஷுவாலிட்டியை விட்டு நகராது. சங்கிலி போட்டுக் கட்டாத குறை. தாடையிலிருந்து தொப்புள் வரை எந்த அவஸ்தை என்றாலும் முதலில் ஈசிஜி, அப்புறம்தான் பெயர், வயது, பதிவு. டாக்டர் சொல்லட்டும் என்று நர்ஸ் காத்திருக்க வேண்டாம்.
பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சே வலிக்காமல் போகலாம். மூச்சுவாங்கும், வேர்க்கும், குமட்டும், அசதியாக இருக்கும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.
அந்த அம்மாவுக்கு வேர்த்திருந்தது. மின்விசிறிக்குக் கீழே உட்காரச் சொன்னேன்.

மார்ச் 11
சும்மா போனை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் 4 நிமிஷம் முந்தி. ஈசிஜி மிஷின் 6 நிமிஷம் பிந்தி. 9.12 சுவரைப் பார்த்து எழுதியது. 9.59 மிஷின் தாளில் அச்சானது. கழித்துக் கூட்டினால் 47 இல்லை, 57.
கொஞ்சம் குறையுமோ என்ற நப்பாசையில்தான் பார்த்தேன்.

மார்ச் 14, சனி
இன்று ஒருவர். நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். "கேஸ்தான் சிஸ்டர், ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று நின்றபடியே பேசினார். படுக்க வைத்தேன். நெஞ்செல்லாம் வேர்வை, எலக்ட்ரோடு ஒட்டுவேனா என்கிறது. துணியால் துடைத்து, முடி மழித்து, மறுபடி ஒட்டி, அசையாதீங்க அசையாதீங்க என்று கெஞ்சி எடுத்தேன். இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்ற மூன்று லீடுகளிலும் எஸ்டி என்ற கோடு மேலே தூக்கியிருந்தது. மாரடைப்பு. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை எடுத்துவிட்டேன். டாக்டர் கையைப் பிடித்தார். "வலது பக்கமும் ஒண்ணு எடு." வி4 லீடை வலப்பக்கம் மாற்றி எடுத்தால் அங்கேயும் தூக்கல். இதயத்தின் வலது கீழறையும் அடிபட்டிருக்கிறது. மாத்திரை கொடுத்திருந்தால் பிரஷர் சரிந்திருக்கும்.
ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்க வைத்தோம். இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கிற கேத் லேபுக்கு ஒரே போன். முன்பெல்லாம் ஈசிஜியைப் படம் பிடித்து அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, அப்புறம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு... இப்போது கேஷுவாலிட்டி டாக்டர் சொன்னால் எல்லோரும் கிளம்ப வேண்டியதுதான்.
வாசலில் நுழைந்ததிலிருந்து அடைப்பைத் திறக்க 71 நிமிஷம். 90க்குள் வேண்டும். எல்லோரும் கை கொடுத்தார்கள்.
(நேரத்தை எல்லாம் என் போனில்தான் பார்த்தேன்.)

மார்ச் 15
அந்த அம்மாவுக்கு நான் கொடுத்தது ஆன்டாசிட், வயிற்றெரிச்சல் மருந்து.

மார்ச் 19, வியாழன்
வகுப்பு. 1977இல் சூரிச்சில் டாக்டர் குரூன்ட்சிக் இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்க முதல் பலூன் விட்ட கதையிலிருந்து, அதாவது ஆஞ்சியோபிளாஸ்டியிலிருந்து, ஆரம்பித்தார்கள். 1988இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வு: மாரடைப்பு என்று வந்த 17,000 பேருக்கு மேல், ஆஸ்பிரின் மட்டுமே சாவைக் கிட்டத்தட்ட கால்வாசி குறைத்தது. கால்வாசி! டிரேயில் என் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிற மாத்திரை.
கேத் லேப் இல்லாத இடத்திலிருந்து அனுப்புவதைப் பற்றித்தான் சண்டையே. 120 நிமிஷத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி நடக்காது என்று தெரிந்தால், தடை ஒன்றும் இல்லாதபோது, கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிட்டு அனுப்ப வேண்டும். பாதிப் பேர் வெறுங்கையோடு ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுகிறார்கள், பொறுப்பு கை மாறினால் போதும் என்று. எனக்குக் கோபமாக வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது.

மார்ச் 22
ஸ்டூல் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைச் சரி செய்தேன். மிஷினையும். இனி ஒவ்வொரு திங்களும்.
57இல் மிஷினுக்கு 20 போக, 37.
"உங்களுக்குத்தான் தொந்தரவு கண்ணு" என்று அந்த அம்மா இரண்டு தடவை சொன்னார்.

மார்ச் 26, வியாழன்
இன்றைய ஈசிஜி நிமிஷங்கள்: 6. 9. 4. 7. 13.
13 ஏன்? பேப்பர் ரோல் தீர்ந்துபோயிருந்தது. மாற்று ரோல் பூட்டிய அலமாரியில். சாவி