6 மில்லிமீட்டர் கன்னே: 768 பேருக்கு வண்ணம் அடித்த கதை

பொட்டலம் சோப்பு டப்பா அளவுதான் இருந்தது; கனம் மட்டும் கையைக் கீழே இழுத்தது. அக்கா மகன் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, ரெண்டு படையும் இதுக்குள்ளயா?" என்றான். ஆமாம், ரெண்டும் அதற்குள்தான். 696 காலாட்கள், 72 குதிரைவீரர்கள், உடைந்தால் ஈடுகட்டக் கொஞ்சம் உபரி. எல்லாம் ஈயம் கலந்த உலோக வார்ப்பு. ஓர் ஆள் உள்ளங்காலிலிருந்து கண் வரை 6 மில்லிமீட்டர். சோற்றுப் பருக்கை ஒன்றை நிறுத்தி வைத்தால் ஏறக்குறைய அந்த உயரம்.

நடந்த போர்களைப் பொம்மை வீரர்களை வைத்து மேசைமேல் மறுபடி ஆடிப் பார்ப்பதற்கு வார்கேமிங் என்று பெயர். இதில் இறங்க வேண்டும் என்று மூன்று வருடமாக ஆசை. தயங்க வைத்தவை 28 மிமீ பொம்மைகள். படங்களில் நாம் பார்த்து வாயைப் பிளப்பது பெரும்பாலும் அவற்றைத்தான். கண்ணுக்குள் கருவிழிகூடத் தீட்டியிருப்பார்கள். அழகுதான். ஆனால் 12 பேரை வரிசையாக நிறுத்தினாலே ஏறக்குறைய ஓர் அடி மேசை காலி. அதில் லட்சம் பேர் மோதிய போரை ஆடினால் தெருமுனைத் தகராறு மாதிரி இருக்கும். 6 மிமீயில் அதே 12 பேர் 6 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறார்கள். சாப்பாட்டு மேசையே போர்க்களம். எனக்கு வேண்டியது படை, ஆள் இல்லை.

முதல் போராக கன்னேயை எடுத்துக்கொண்டேன். கி.மு. 216, ஆகஸ்ட் 2, தென் இத்தாலியில் அவுஃபிடுஸ் ஆற்றங்கரை. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் தரும் கணக்கில் ரோமானியர் பக்கம் 80,000 காலாட்கள், 6,000க்குச் சற்று மேல் குதிரைகள். எதிரே, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் அரசின் தளபதி ஹன்னிபாலிடம் 40,000 காலாட்கள், 10,000 குதிரைகள். ரோமானியர்கள் 10,000 பேரை முகாமில் விட்டுவிட்டு, மிச்சப் பேரை வழக்கத்தைவிட நெருக்கமாக, அகலம் குறைத்து ஆழம் கூட்டி நிறுத்தினார்கள். நடுவில் இடித்துத் தள்ளிக்கொண்டே போய்விடலாம் என்ற நினைப்பு. ஹன்னிபால் நடுவில் கெல்ட் இனத்தவர்களையும் ஸ்பானியர்களையும் பிறை வடிவில் முன்னே தள்ளி நிறுத்தினான். இரு ஓரத்திலும் ஆப்பிரிக்கக் காலாட்கள். பிறை மெல்ல மெல்லப் பின்வாங்க, ரோமானியர்கள் உள்ளே நுழைய நுழைய, இரு ஓரமும் கதவு மாதிரிச் சாத்திக்கொண்டது. ஹன்னிபாலின் துணைத் தளபதி ஹஸ்த்ருபாலின் குதிரைப்படை சுற்றி வந்து முதுகில் விழுந்தது. அந்த ஆழம், அந்த நெருக்கம், அந்தப் பிறை எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் கூட்டம் வேண்டும். அதற்குத்தான் குட்டிப் பொம்மை.

என் கணக்கு இது. வீரர்களைக் கூட்டமாக ஒட்டும் ஓர் அட்டை 60 மிமீ அகலம், 30 மிமீ ஆழம். காலாட்படையில் ஓர் அட்டை 5,000 பேருக்குச் சமம், குதிரைப்படையில் 2,000 பேருக்கு. ஆக, ரோமுக்கு 14 காலாட்படை அட்டை, 3 குதிரை. கார்த்தேஜுக்கு 8 காலாட்படை, 5 குதிரை. ரோமானியர்களின் நெருக்கம் தெரியட்டும் என்று அவர்களின் அட்டையில் மூன்று வரிசையாக 36 பேர். எதிரிகளின் அட்டையில் இரண்டு வரிசையாக 24 பேர். குதிரை அட்டையில் 9.

பொம்மைகள் வருவதற்குள் வெறும் அட்டைகளில் பேனாவால் பெயர் எழுதி நான்கு தடவை ஆடிவிட்டோம். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரிகள் வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்தித்தான் போர்ப் பயிற்சி செய்தார்கள், அதனால் இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இதுதான்: முதலில் அட்டை, அப்புறம் காசு. தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் பொம்மை விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

சரி, வண்ணம். நான்கு நான்கு பேராக ஒரே பட்டையில் வார்த்திருக்கிறார்கள். இரண்டு பட்டையை ஓர் ஐஸ் குச்சியில் லேசாக ஒட்டிக்கொண்டால் பிடித்துக்கொள்ளச் சுலபம். முதலில் முழுக்கக் கறுப்பு பிரைமர், அதாவது அடிப்பூச்சு. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் அந்தக் கறுப்பு தப்பித் தங்கினால் அதுவே நிழலாகிவிடும், தனியாக நிழல் தீட்ட வேண்டியதில்லை. பிரஷ் விஷயத்தில் ஏமாந்தேன். குட்டிப் பொம்மை என்றால் மிக மெல்லிய மூன்று பூஜ்ய (000) பிரஷ் என்று நினைத்து வாங்கினேன். நுனியில் எடுத்த வண்ணம் பொம்மையைத் தொடுவதற்குள் காய்ந்துவிடுகிறது. முனை கூர்மையாக இருக்கும், அதைவிடப் பருத்த ஒற்றைப் பூஜ்ய (0) பிரஷ் போதும். வண்ணத்தையும் நிஜத்தைவிட இரண்டு படி வெளிர்த்தே வைக்க வேண்டும். முதல் அட்டைக்கு நிஜ ரத்தச் சிவப்பில் சட்டை அடித்தேன், மேசையில் வைத்தால் அடுப்புக்கரி மாதிரி தெரிந்தது. ஆரஞ்சு கலந்த பிறகுதான் சிவப்பு சிவப்பாக ஆனது.

முதல் வாரம் பெரிய தப்பு ஒன்று செய்தேன். ஒவ்வோர் ஆளையும் ஆளாகத் தீட்டினேன். முகம், பெல்ட், செருப்பு வார் எல்லாம். 8 பேருக்கு ஒரு மாலை. "எறும்புக்குச் சட்டை தச்சிக்கிட்டு இருக்கியா?" என்று கேட்டுவிட்டு அம்மா காபியை வைத்துவிட்டுப் போனார். (காபியைப் பட்டறைக்கு அந்தண்டை வைத்துக்கொள்வது நல்லது, ஈயம். கை கழுவாமல் எதையும் தொட்டுச் சாப்பிடக் கூடாது.) முடித்த 8 பேரை அட்டையில் ஒட்டி ஓர் அடி தள்ளிப் பார்த்தால் செருப்பு வாரும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கேடயம், தலைக்கவசம், கை கால் சதை, ஈட்டி, அவ்வளவுதான் கண்ணுக்கு எட்டுகிறது. அன்றிலிருந்து 36 பேருக்கும் ஒரே மூச்சில் கேடயம், அப்புறம் 36 பேருக்கும் கவசம் என்று போனேன். ஓர் அட்டை இரண்டு மாலையில் முடிந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மனசு கேட்கவில்லை. ஸ்பானியர்கள் ஊதா ஓரம் வைத்த குட்டையான லினன் சட்டை போட்டிருந்தார்கள் என்று பாலிபியஸ் எழுதி வைத்திருக்கிறார். கெல்ட்கள் வெற்றுடம்பு என்கிறார், அது நமக்கு லாபம். ஆனால் 6 மிமீ ஆளின் சட்டைக்கு ஓரம் எங்கே தீட்டுவது? முடி அகலம்கூட இராது. தெரியப்போவதில்லை என்று தெரிந்தும், இரண்டு ஸ்பானிய அட்டைகளின் முன்வரிசைக்கு மட்டும் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். 24 பேர். பூதக்கண்ணாடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் இழுப்பு. ஓரம் தடித்துப்போனால் வெள்ளையால் மேலிருந்து மறைத்து மெலியவைத்தேன். நான்கு நாள் போயிற்று. இதைப் புத்திசாலித்தனம் என்று நான் சொல்லவில்லை.

அப்புறம் அட்டை கவிழ்த்தது. பழைய பேரேட்டின் கெட்டி மேலட்டையை வெட்டி வைத்திருந்தேன். வீரர்களை ஒட்டியதும், தரைக்காகத் தண்ணீர் கலந்த ஃபெவிகால் பூசி மணல் தூவினேன். காலையில் எழுந்து பார்த்தால் ஆறு அட்டைகளும் அப்பளம் மாதிரி வளைந்து நிற்கின்றன. அவற்றின்மேல் ரோமானியர்கள் நாலா பக்கமும் சாய்ந்து குடித்தவர்கள் போல இருக்கிறார்கள். ஈரம் ஒரு பக்கம் மட்டும் இழுப்பதால் வரும் வினை. அடிப்பக்கமும் அதே பசையைப் பூசி, கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, ஓரங்களில் பேட்டரிகளைக் கனத்துக்கு வைத்ததும் நான்கு நிமிர்ந்தன. இரண்டை உரித்து மறுபடி செய்தேன். மீதி எல்லாவற்றுக்கும் 2 மிமீ எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்திய பலகை) துண்டுதான்.

மணலும் சும்மா இல்லை. இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் மணல் என்பது நிஜத்தில் ஓர் அடிக் கல். கட்டட மணலைத் தூவியபோது ரோமானியர்கள் கல்குவாரியில் நிற்பது போல இருந்தது. டீ வடிகட்டியில் இருமுறை சலித்த தூசி மணல்தான் சரிப்பட்டது. மேலே பச்சைத் தூள் தூவும் போது மின்விசிறியை நிறுத்த மறந்தேன். கன்னேயில் வோல்டூர்னுஸ் என்ற காற்று புழுதியை ரோமானியர்களின் முகத்தில் அடித்தது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். எங்கள் கூடத்தில் என் முகத்தில் அடித்தது.

எல்லாம் காய்ந்து முதன்முதலாக மேசையில் பரப்பியபோது இன்னொரு சிக்கல். ஆப்பிரிக்கக் காலாட்களுக்கு ஹன்னிபால் முந்தைய போர்களில் பிடித்த ரோமானிய ஆயுதங்களைக் கொடுத்திருந்தான். நானும் விசுவாசமாக ரோமானிய வார்ப்பையே அவர்களுக்கும் பயன்படுத்தியிருந்தேன். விளைவு, யார் யாருடைய ஆள் என்று எங்களுக்கே புரியவில்லை. கன்னேயில் புழுதிக்குள் நின்றவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்னவோ. அட்டைகளின் பின்விளிம்பில் ரோமுக்குச் சிவப்பு, கார்த்தேஜுக்கு நீலம் தீட்டினேன். எதிரே இருந்து பார்த்தால் இன்னும் குழப்பம்தான். அதை அப்படியே விட்டுவிட்டேன், பிடித்திருந்தது.

விதிகளுக்கு 1990இல் வந்த டி.பி.ஏ. என்ற வார்கேமிங் விதிப் புத்தகத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டேன். அதில் பக்கத்துக்கு 12 அட்டைதான். ஒவ்வொரு முறையும் பகடையில் விழும் எண்தான் கையிலுள்ள புள்ளிகள்; தனி அட்டையை நகர்த்த ஒரு புள்ளி செலவு, ஆனால் ஒட்டி நிற்கும் வரிசை முழுவதும் அதே ஒரு புள்ளியில் நகரும். எங்களுக்கு அட்டை கூட என்பதால் இரண்டு பகடை. மோதலில் ஆளுக்கொரு பகடை; குறைந்தவன் பின்வாங்குவான், எதிரியின் பாதியோ அதற்கும் கீழோ வந்தால் பெரும்பாலும் அழிவு.

பொம்மைகளோடு ஆடிய முதல் ஆட்டத்தில் அக்கா மகன் ஹன்னிபால், நான் அன்று ரோமானியர்களை நடத்திய தளபதி வாரோ. முதல் கேள்வியே, "என் யானை எங்க மாமா?" ரோன் ஆற்றைக் கடக்கும்போது 37 இருந்தன, ஆல்ப்ஸ் தாண்டி வந்த அடுத்த குளிரில் ஒன்று தவிர மற்றதெல்லாம் போயிற்று, கன்னேயில் யானையே கிடையாது என்றேன். அவன் முகம் அப்போதே தொங்கிவிட்டது. ஆட்டத்தில் அதற்கு மேல். மூன்றாவது சுற்றிலேயே என் பகடையில் 6, அவனுடையதில் 1. நடுவிலிருந்த இரண்டு கெல்ட் அட்டைகள் அடுத்தடுத்து ஒழிந்தன. பிறையில் ஓட்டை விழுந்தது, நான் நேராக நடந்து போய் ஜெயித்தேன். வரலாற்றிலேயே கன்னேயில் ஜெயித்த வாரோ!

தப்பு விதியில்தான். பிறை உடையாமல் வளைந்து கொடுக்க வேண்டும். அதனால் நடு அட்டைகள் முதல் தடவை பாதிக்குக் கீழே வாங்கினாலும் பின்வாங்குவதோடு சரி, இரண்டாவது தடவைதான் அழிவு என்று மாற்றினோம். தள்ளியவன் கட்டாயம் பின்தொடர்ந்து போக வேண்டும் என்பதையும் சேர்த்தோம். அந்த ஒரு வரி ஆட்டத்தையே மாற்றிவிட்டது. அடுத்த ஞாயிறு நான் ஜெயிக்க ஜெயிக்க உள்ளே இழுபட்டேன். மேலிருந்து பார்த்தால் நேராக நின்ற என் வரிசை பை மாதிரித் தொங்குகிறது, பின்னால் நிற்பவர்களுக்கு வேலையே இல்லை. ஹஸ்த்ருபாலின் மூன்று குதிரை அட்டைகளும் ஆற்றோரத்தில் என் ஒற்றை அட்டையை இரண்டாவது சுற்றிலேயே விரட்டிவிட்டு, அங்கேயே மூன்று சுற்று சும்மா நின்றன. கலைந்து நின்ற பிறையை ஒவ்வோர் அட்டையாகச் சரிசெய்யவே அக்கா மகனின் புள்ளிகள் எல்லாம் செலவாகின. "குதிரையை நகத்தினா நடுவுல உடையுது மாமா" என்று தலையைச் சொறிந்தான். ஒன்பதாவது சுற்றில் இரண்டு பகடையுமாக 10 விழுந்தது. குதிரைகள் சுற்றி வந்து முதுகில் ஒட்டின. பக்கத்திலோ முதுகிலோ எதிரி ஒட்டி நிற்கும்போது பின்வாங்க வேண்டி வந்தால் அந்த அட்டை அழிந்ததாகக் கணக்கு. இரண்டு சுற்றில் ஆறு அட்டை போயிற்று, ஆட்டம் முடிந்தது.

இப்போது ரோமானியர்கள் ஒரு மைசூர்பாகு பெட்டியில், கார்த்தேஜியர்கள் ஒரு லட்டுப் பெட்டியில். அடுத்தது ஜாமா, கி.மு. 202, ஹன்னிபாலிடம் 80 யானைகள் இருந்த போர். என் அளவுக்கு எத்தனை யானை வேண்டும் என்று அக்கா மகன் இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

நேற்று இரவு கைபேசியில் ஒரு படம் அனுப்பினான். ஸ்பானிய முன்வரிசையை முடிந்தவரை பெரிதாக்கி எடுத்திருக்கிறான், இடமிருந்து ஏழாவது ஆளைச் சுற்றி ஒரு வட்டம். "இவனுக்கு மட்டும் ஊதா ஓரம் விட்டுப்போச்சு மாமா." லட்டுப் பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஆமாம், விட்டுத்தான் போயிருக்கிறது. பிரஷ் ஊறிக்கொண்டிருக்கிறது.