தலையணைக்கு வந்த காய்ச்சல்

சென்ற தை மாதம் எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறியபோது என் மடிக்கணினியின் பேட்டரி 100 விழுக்காடு இருந்தது. மூடியைச் சாத்திப் பையில் வைத்து, திருட்டுப் பயத்தால் அந்தப் பையையே தலைக்கடியில் கொடுத்துப் படுத்துவிட்டேன். விழுப்புரம் தாண்டுவதற்குள் வலது காதோரம் சுட்டது. காய்ச்சல் என்று மனைவியிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் அடிக்கும் காய்ச்சலை இப்போதுதான் காண்பதாகச் சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்தார். நானும் அதை நம்பி விழுங்கினேன்.

விடியற்காலையில் மதுரையில் இறங்கி, தங்கை வீட்டுக்குப் போய்க் கணினியைத் திறந்தால் திரை இருண்டு கிடந்தது. பத்து மணிக்கு வாடிக்கையாளர் ஒருவரிடம் கணக்குக் காட்ட வேண்டும்.

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை மகன் சார்ஜரைச் செருகிவிட்டு வகுப்பெடுக்கத் தொடங்கினான். பழைய கணினிகள் உறங்கும்போது நினைவகத்துக்கு மட்டும் சொட்டு மின்சாரம் போகுமாம். அந்த நிலைக்கு எஸ் 3 என்று பெயர். புதியவற்றில் பலவும் கைப்பேசியைப் போல அரைத் தூக்கம்தான் தூங்கும், திரையை அணைத்துவிட்டு உள்ளே மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருக்கும், ஏதாவது ஒரு நிரல் விடாமல் இழுத்துப் பிடித்தால் பைக்குள்ளேயே சூடேறும் என்றான். "அதுதான் மாமா நடந்திருக்கு" என்று தீர்ப்பும் சொன்னான். என்மேல் குற்றமில்லை என்று தெரிந்ததும் தங்கை கொடுத்த காப்பி கூடுதலாக இனித்தது.

ஆனால் பையன் அதோடு விடவில்லை. கறுப்புத் திரையில் 'பவர்சிஎஃப்ஜி ஸ்லீப்ஸ்டடி' என்று ஏதோ தட்டி, கணினி எப்போது விழித்தது, எப்போது உறங்கியது என்ற அறிக்கையை எடுத்தான். இரவு முழுவதும் அது அரைத்தூக்கம்கூடப் போடவில்லை. பேட்டரி 5 விழுக்காட்டுக்கு இறங்கியபோது, ரயில் திருச்சியை நெருங்கியிருந்த வேளையில், திறந்திருந்ததையெல்லாம் வட்டில் எழுதி வைத்துவிட்டுத் தானாகவே ஹைபர்னேட் என்னும் முழு உறக்கத்துக்குப் போயிருக்கிறது. சாகப்போகும் தறுவாயில்தான் அதற்குத் தூக்கமே வாய்த்தது.

பையன் அமைப்புகளைத் திறந்தான். மூடியைச் சாத்தினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில், பேட்டரிக்கும் மின்இணைப்புக்கும் சேர்த்தே 'ஒன்றும் செய்யாதே' என்று இருந்தது. எத்தனை நிமிடத்தில் உறங்க வேண்டும் என்ற இடத்தில் 'ஒருபோதும் வேண்டாம்'. மார்கழி விடியலில் மூடியைச் சாத்திவைத்தாலும் திருப்பாவை நிற்காமல் ஒலிக்க வேண்டும் என்று அவற்றை மாற்றி வைத்தது வேறு யாருமில்லை, நானே. மார்கழி போய்விட்டது, அமைப்பு போகவில்லை. அரை மணி நேரப் பாடம் வீணானதில் மருமகனுக்கு என்னைவிட வருத்தம்.

இப்போது பேட்டரியில் மூடியைச் சாத்தினால் ஹைபர்னேட்.   திறக்கும்போது சில விநாடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். கணக்கு அன்றே பத்து மணிக்குக் காட்டியாயிற்று.

ஊர் திரும்பியபின் எனக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது. உடம்பு சுடுகிறது என்றேன். மனைவி எழுந்துபோய் முதலில் பையைத் தொட்டுப் பார்த்தார்.